ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை வயது? தருமபுரி, கிருஷ்ணகிரி தொடக்கப்பள்ளிகளின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூறு ஆண்டைத் தாண்டிய அரசுப் பள்ளிகளில் விழா எடுக்கும் பேச்சு 2025 தொடக்கத்தில் எழுந்ததிலிருந்து, இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஊருக்கு ஊர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நம் பள்ளிக்கு எத்தனை வயது? அதோடு சேர்ந்து வரும் மற்றக் கேள்விகளும் பதில்களும் இங்கே. விழா மலர் தொகுக்கும் முன்னாள் மாணவர்களையும் தலைமை ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதியது.

பள்ளிச் சுவரில் ‘தோற்றம் 1962’ என்று எழுதியிருக்கிறது. அதை அப்படியே மலரில் போடலாமா?

போடலாம். எதனுடைய தோற்றம் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஒரு கிராமப் பள்ளிக்குப் பல பிறந்தநாள்கள் உண்டு. யாரோ ஒரு வாத்தியார் மாரியம்மன் கோயில் மண்டபத்திலோ, ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்த நாள் ஒன்று. அரசாங்கம் அதற்கு அங்கீகாரம் கொடுத்த நாள் ஒன்று. போர்டு என்ற அன்றைய உள்ளாட்சி அமைப்பு அதை ஏற்றுக்கொண்டு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய நாள், ஓட்டுக் கட்டடம் எழுந்த நாள், நடுநிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்த நாள் என்று வரிசை நீளும். பலகை எழுத வந்த பெயிண்டரிடம் அன்றைய தலைமை ஆசிரியர் இவற்றுள் எதைச் சொன்னாரோ அதுதான் சுவரில் இருக்கிறது. பெரும்பாலும் அடிக்கல்லில் கண்ட ஆண்டைத்தான் சொல்லியிருப்பார், கண்ணெதிரே இருப்பது அது ஒன்றுதானே.

குறிப்பாக 1960 முதல் 1963 வரையிலான ஆண்டு எழுதியிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்த காலம் அது. நிர்வாகம் கைமாறியபோது புதிய பதிவேடு திறந்து, அதன் முதல் பக்கத்து ஆண்டையே பள்ளியின் ஆண்டாக எண்ணிக்கொள்வது எளிது.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பள்ளியில் உள்ள மிகப் பழைய சேர்க்கை நீக்கப் பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். வரிசை எண் 1 இலிருந்து தொடங்கி, ஐந்து வயதுக்காரரும் ஒன்பது வயதுக்காரரும் ஒன்றாக முதல் வகுப்பில் சேர்ந்திருந்தால், அது உண்மையிலேயே புதிய பள்ளி. ஒரே நாளில் இரண்டாம், மூன்றாம், நான்காம் வகுப்புகளிலும் பிள்ளைகள் ‘சேர்ந்திருந்தால்’, அல்லது எண் முந்நூற்றுச் சொச்சத்தில் தொடங்கினால், அதற்கு முன்பு இன்னொரு பதிவேடு இருந்திருக்கிறது என்று பொருள். உங்கள் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

எங்கள் பள்ளியின் பெயர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. 1925 இல் ஒன்றியமே கிடையாது என்கிறார்கள். பிறகு எப்படி நூற்றாண்டு?

பெயர் மாறியது, பள்ளி மாறவில்லை. சென்னை மாகாணத்தில் 1884 ஆம் ஆண்டின் தல ஸ்தாபன (உள்ளாட்சி) சட்டப்படி ஜில்லா போர்டும் அதன் கீழ் தாலுகா போர்டுகளும் வந்தன. கிராமத்துத் தொடக்கப்பள்ளிகள் பெரும்பாலும் தாலுகா போர்டின் பொறுப்பில் இருந்தன. 1920 இல் தொடக்கக் கல்விக்கென்றே தனிச் சட்டம் வந்தது. கல்வி வரி வசூலிக்கவும், விரும்பும் இடங்களில் கட்டாயக் கல்வி கொண்டுவரவும் அது வழி செய்தது. 1934 இல் தாலுகா போர்டுகளை எடுத்துவிட்டார்கள். பள்ளிகள் ஜில்லா போர்டுக்குப் போயின. 1958 ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி 1960, 1961 ஆண்டுகளில் ஒன்றியங்கள் அமைந்ததும் ஜில்லா போர்டு மறைந்து, பள்ளிகள் ஒன்றியத்தின் கைக்கு வந்தன. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பலகையில் மட்டும் ஒன்றியத்தின் பெயர் நின்றுவிட்டது.

இன்றும் எண்பது வயதுக்காரர்கள் ‘போர்டு ஸ்கூல்’ என்றுதான் சொல்வார்கள். அறுபது வயதுக்காரர்கள் ‘யூனியன் பள்ளிக்கூடம்’ என்பார்கள். ஒரே கட்டடத்தைத்தான் இருவரும் சொல்கிறார்கள். ஊர்ப் பெரியவர் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தக் காலத்தில் படித்தார் என்று ஓரளவு கணித்துவிடலாம்.

இன்னொன்று: 1965 அக்டோபர் 2 ஆம் தேதிக்கு முன்பு தருமபுரி மாவட்டம் என்று ஒன்று இல்லை, எல்லாம் சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆக, பர்கூருக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியின் 1930 ஆம் ஆண்டுக் கோப்பைக் கிருஷ்ணகிரியில் தேடிப் பயனில்லை. சேலம் ஜில்லா போர்டின் பெயரில் தேடுங்கள்.

போர்டுக்கும் முன்னால் இங்கே படிப்பே இல்லையா?

இருந்தது. திண்ணைப் பள்ளிகள் இருந்தன. மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு பனையோலையில் எழுத்தாணி பிடித்து, ‘அரி ஓம் நன்றாக, குரு வாழ்க, குருவே துணை’ என்று தொடங்கும் படிப்பு. அரிச்சுவடி முடித்து ஆத்திசூடி, கொன்றை வேந்தன், பிறகு எண்சுவடி. முந்திரி, காணி, மா என்று போகும் கீழ்வாய் இலக்கத்தை, அதாவது பின்ன எண்களை, இன்றைய கணித ஆசிரியர் எவரும் தலைகீழாக ஒப்பிக்க முடியாது. அன்று பத்து வயதுப் பையன் ஒப்பித்தான். ஒப்பிக்காதவனுக்குக் கோதண்டம் போட்டார்கள், அதாவது உத்தரத்துக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். மலரில் முதலாவதை மட்டும் எழுதி இரண்டாவதை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

வாத்தியாருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அறுவடையில் தானியம், விசேஷ நாளில் வேட்டி, காசு என்று வீட்டுக்கு வீடு வரும். நெல் அதிகம் விளையாத நம் பக்கத்தில் ராகிதான் பெரிய தானியம் என்பதை நினைவில் வையுங்கள். சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். இந்த முறையை 1789 வாக்கில் சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் கையாண்டு, பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பெரிய பெயர் வாங்கினார்.

திண்ணைப் பள்ளிகள் ஒரே நாளில் அழிந்துபோகவில்லை. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேர்வில் எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்று பார்த்து மானியம் கொடுக்கும் முறை வந்தது. மானியத்தை வாங்கிக்கொண்ட திண்ணை வாத்தியார்கள் பாடத்திட்டத்தையும் ஆய்வாளரின் வருகையையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் ஊரின் முதல் ‘அரசுப் பள்ளி’, பழைய திண்ணைப் பள்ளியே பெயரும் புத்தகமும் மாற்றிக்கொண்டதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆங்கிலேய ஆளுநர் மன்றோ எடுத்த பள்ளிக் கணக்கில் நம் ஊர் இருக்குமா?

தொகுப்பில் ஊர்வாரியாக இல்லை, மாவட்டவாரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த மனிதருக்கும் நமக்கும் உறவு நெருக்கமானது. 1792 இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் நம் பக்கத்தை உள்ளடக்கிய பாரமகால் பகுதி திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. (ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் 1799 இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் வந்தது.) அலெக்சாண்டர் ரீட் இதை நிர்வகித்தபோது அவருக்கு உதவியாக 1799 வரை வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் குடியிருந்து தோட்டம் போட்டவர். பின்னாளில் சென்னையின் ஆளுநராகி, 1822 ஜூனில் மாகாணம் முழுவதும் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826 இல் தொகுத்த முடிவு இது: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்றார் மன்றோ. ஒவ்வொரு தாசில்தார் எல்லையிலும் அரசே ஒரு பள்ளி நடத்த வேண்டும், வாத்தியாருக்கு மாதம் 9 ரூபாய் என்றும் திட்டமிட்டார். 1827 இல் காலராவில் இறந்துபோனார்; திட்டம் தேய்ந்து மறைந்தது.

அப்படியானால் ‘அந்தக் காலத்தில் ஊரில் எல்லோரும் படித்திருந்தார்கள்’ என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. அதே கணக்கில் பெண்பிள்ளைகள் வெறும் 4,540 பேர்; பையன்கள் 1,84,110 பேர். யாருடைய திண்ணை, அந்தத் திண்ணையில் யார் ஏற முடிந்தது என்று கேட்டால் மிச்சம் புரிந்துவிடும். ‘படிப்பே இல்லாத காட்டு ஊர்’ என்று எழுதுவதும் தவறு, ‘பொற்காலம்’ என்று எழுதுவதும் தவறு.

ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளிக்குள் எப்போது வந்தார்கள்? இதை எழுதினால் ஊரில் மனத்தாங்கல் வராதா?

வரலாம். இதை எழுதாமல் விட்ட பள்ளி வரலாறு எனக்குத் தெரிந்து வரலாறு ஆகாது, மாலை மரியாதைப் பட்டியல் ஆகும்.

போர்டுப் பள்ளி எல்லோருக்கும் பொது என்று தாளில் இருந்தது. ஆனால் பள்ளி நடந்த இடம் கோயில் மண்டபமாகவோ, சாவடியாகவோ, மேல்சாதித் தெருவின் வீடாகவோ இருந்தால் ஆதிதிராவிடப் பிள்ளை உள்ளே போகவே முடியாது. தடை, பள்ளி நின்ற இடத்திலேயே இருந்தது. 1910களின் இறுதியிலும் 1920களிலும் சென்னை அரசு இதைக் கவனித்து, எல்லோரும் போகக்கூடிய இடத்துக்குப் பள்ளிகளை மாற்றச் சொல்லி ஆணைகள் போட்டது. எத்தனை ஊர்கள் கேட்டன என்பது வேறு விஷயம். அதே காலத்தில் தொழிலாளர் துறை என்ற புதிய துறை, ஆதிதிராவிடர் குடியிருப்புகளிலேயே தனிப் பள்ளிகளைத் திறந்தது. அவைதான் பிறகு அரிசன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்ற பெயரில் நடக்கின்றன. சித்தேரி போன்ற மலையூர்களில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகளும் இதே துறையின் மரபில் வந்தவை.

ஆகவே ஊரில் இரண்டு தொடக்கப்பள்ளிகள் அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால், ‘வசதிக்காக’ என்று எழுதி நகர்ந்துவிடாதீர்கள். இரண்டாவது பள்ளி ஏன் தேவைப்பட்டது என்று அந்தத் தெருவின் பெரியவர்களிடம் கேளுங்கள். முதல் பள்ளிக்குத் தண்ணீர்ப் பானை எங்கே இருந்தது, யார் மொண்டு ஊற்றினார்கள் என்று கேட்டாலே போதும். பதில் தானாக வரும்.

ராஜாஜியின் குலக்கல்வித் திட்டம் நம் பள்ளியையும் தொட்டதா?

ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளி என்றால் தொட்டிருக்கும். 1953 இல் அவர் கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் நகராட்சிப் பள்ளிகளை விட்டுவிட்டுக் கிராமப் பள்ளிகளைத்தான் பிடித்தது. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு, மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு ஷிப்டாகப் பள்ளி நடந்தால் இருக்கிற வாத்தியார்களைக் கொண்டே இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் வாதம். செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத்தான் தைக்க வேண்டுமா என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எழுந்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலக, காமராஜர் முதல்வரானார். மே 18 இல் திட்டம் கைவிடப்பட்டது.

இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. ராஜாஜி பிறந்தது ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில், 1878 டிசம்பரில். தகப்பனார் அந்த ஊர் முனிசீப். முதலில் ஊர்ப் பள்ளியில் எழுத்துக் கற்று, பிறகு ஓசூர் அரசுப் பள்ளிக்குப் போய், பெங்களூருக் கல்லூரிக்குப் போனவர். தகப்பன் தொழிலைப் பார்க்காமல் வக்கீலாகி, தலைமை ஆளுநர் வரை உயர்ந்தவர். சொந்த வாழ்க்கையே தன் திட்டத்துக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும் தலைவர்கள் அபூர்வம்.

1953–54 வருகைப் பதிவேடு உங்கள் பள்ளியில் தப்பியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்த பெயர்ப் பட்டியல் அதில் இருக்கலாம்.

பெரும்பாலான ஊர்களில் பள்ளி காமராஜர் காலத்தில்தான் வந்தது என்கிறார்களே?

சிற்றூர்களைப் பொறுத்தவரை அது சரி. பெரிய ஊர்களில் போர்டுப் பள்ளி முன்பே இருந்தது. 1954 முதல் 1963 வரை நடந்தது, பள்ளி இல்லாத சிற்றூர்களைத் தேடிப்பிடித்து ஓராசிரியர் பள்ளியாவது வைத்தது. முந்நூறு பேர் வாழும் ஊருக்கும் ஒரு பள்ளி என்ற அளவுக்கு இறங்கி வந்தார்கள். கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958 இலிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர்க்காரர்கள் மேசை, நாற்காலி, மணி, கடிகாரம், சீருடைத் துணி, நிலம் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். பள்ளியின் தளவாடப் பதிவேட்டில் ‘அன்பளிப்பு’ என்ற குறிப்போடு 1958க்குப் பிந்தைய பொருள்கள் வரிசையாக வந்தால், அந்த மாநாட்டின் கைவண்ணமாக இருக்கலாம்.

நம் பகுதியில் இன்னொரு சிக்கல் இருந்தது. இங்கே ஊர் என்றால் ஒரே இடத்தில் நெருக்கி நிற்கும் வீடுகள் மட்டும் அல்ல. காட்டுக்குக் காடு, கிணற்றுக்குக் கிணறு வீடு கட்டி வாழும் கொட்டாய்கள் ஏராளம். தாய்க்கிராமத்துப் பள்ளிக்குக் கொட்டாயிலிருந்து ஓடை, கரடு தாண்டி நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்தால் விடுமுறை. பென்னாகரம், அஞ்செட்டி, தளி பக்கம் யானை நடமாட்டம் வேறு. ‘கொட்டாய்’ என்று முடியும் பெயருள்ள பள்ளிகள் இந்த மாவட்டங்களில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால், இவ்வளவு தூரம் சின்னப் பிள்ளையை அனுப்ப முடியாது என்று ஒன்றிய அலுவலகத்துக்கு மனுவோடு நடந்த ஒருவராவது இருப்பார். அந்த மனுவின் நகல் பெரும்பாலும் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் கிடைக்கும்.

சத்துணவு எந்த ஆண்டு வந்தது? ஆளாளுக்கு ஓர் ஆண்டு சொல்கிறார்கள்.

ஆளாளுக்கு ஒரு திட்டத்தைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். காமராஜரின் மதிய உணவு 1956. அமெரிக்க கேர் நிறுவனம் கொடுத்த பால் பவுடரும் உப்புமாவும் 1960களில். எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982 ஜூலை 1. காலை உணவு, எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் 2023 ஆகஸ்ட் 25.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிகள் தமிழ்ப் பள்ளிகளாக இருந்தனவா?

பல பள்ளிகள் இருக்கவில்லை. தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ள ஊர்கள் அங்கே நிறைய. அந்த மொழிகளிலேயே நடந்த அரசுத் தொடக்கப்பள்ளிகளும் நிறைய. கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்களில் உருதுப் பள்ளிகள் உண்டு. 1956 இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர்ப் பகுதி இங்கேயே தங்கிவிட்டது, பள்ளி மொழிகளும் தொடர்ந்தன. 2006 ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு முதல் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயப் பாடமானது. அதற்கு முந்தைய பதிவேடுகள் தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதியிருக்கலாம். ஊரில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

சேர்க்கைப் பதிவேட்டில் பெயரும் தேதியும்தானே இருக்கும்? அதில் வரலாறு எங்கே?

அதில்தான் இருக்கிறது. மலரின் பாதியை அந்த ஒரு நோட்டிலிருந்து எழுதலாம்.

முதலில் பிறந்த தேதிகள். ஐந்து வயது நிரம்பியது என்று காட்டத் தலைமை ஆசிரியர் போட்ட தேதிகள் அவை. வலக்கையைத் தலைக்கு மேலே சுற்றி இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டால் வயது வந்துவிட்டது. பிறகு மே, ஜூன் மாதத்தில் ஒரு தேதி. ஒரு வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே மாதத்தில் பிறந்தநாள் வருவது இதனால்தான். இன்று அந்தத் தேதியில்தான் ஓய்வூதியமும் ஆதாரும் நடக்கின்றன.

அடுத்து, தகப்பனாரின் தொழில். பத்துப் பத்து ஆண்டாக எடுத்து எண்ணுங்கள். விவசாயம் என்று வரிசையாக வந்த இடத்தில் கூலி என்று எப்போது மாறுகிறது, கிரானைட் குவாரி, ஓசூர்க் கம்பெனி, பெங்களூர்க் கட்டட வேலை எப்போது நுழைகின்றன என்று பாருங்கள். ஊரின் பொருளாதார வரலாறு வேறு எங்கும் இவ்வளவு ஒழுங்காக எழுதிக் கிடையாது.

மிக முக்கியமான கட்டம் கடைசியில் இருப்பது: விட்டு நீங்கிய தேதி, காரணம். ‘ஐந்தாம் வகுப்பு முடித்தது’ என்று எத்தனை பேருக்கு இருக்கிறது, ‘நீண்ட நாள் வரவில்லை, பெயர் நீக்கப்பட்டது’ என்று எத்தனை பேருக்கு? நீக்கம் எந்த மாதங்களில் குவிகிறது? மாசி, பங்குனியில் குவிந்தால் குடும்பம் பிழைப்புக்கு வெளியூர் போயிருக்கலாம். கார்த்திகை, மார்கழியில் என்றால் அறுவடை. முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாவது வரை வந்தார்கள் என்று பத்தாண்டுக்கு ஒரு கணக்கு எடுத்துப் போட்டால், நன்கொடையாளர் புகைப்படங்கள் பத்துப் பக்கத்தை விட அது அதிகம் பேசும்.

ஓர் எச்சரிக்கை. பதிவேட்டில் சாதி உண்டு, தாய் தகப்பன் பெயர் உண்டு. எண்ணிக்கையை அச்சிடுங்கள், ஆள் பெயரோடு அச்சிடாதீர்கள். உயிரோடு இருப்பவரின் ‘பெயர் நீக்கப்பட்டது’ என்ற வரியை ஊரே படிக்கும்படி வைக்க நமக்கு உரிமை இல்லை. தலைமை ஆசிரியரின் அனுமதி இல்லாமல் செல்போனில் படம் எடுப்பதும் கூடாது.

பெண்பிள்ளைகள் எப்போதிலிருந்து சமமாகப் படிக்கிறார்கள்?

இந்த மாவட்டத்தில் மிகத் தாமதமாக. 1991 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டின் பெண் எழுத்தறிவு 39 சதவீதம்; அன்றைய தருமபுரி அதைக்கூட எட்டவில்லை. 1994 வாக்கில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தமிழ்நாட்டில் தொடங்கியபோது தருமபுரியை முதல் தொகுப்பிலேயே சேர்த்ததற்கு அதுதான் காரணம். கூடுதல் வகுப்பறைகள், வட்டார வள மையங்கள், ஆசிரியர் பயிற்சி எல்லாம் அதில் வந்தன. அதற்கு முன் 1987 இன் கரும்பலகைத் திட்டம், பள்ளிக்கு இரண்டு அறையாவது, இரண்டு ஆசிரியராவது, அதில் ஒருவர் பெண்ணாக என்று வலியுறுத்தியிருந்தது. 1990களின் அறிவொளி இயக்கத்தில் இரவு வகுப்புக்குப் போன அம்மாக்கள், மறுநாள் காலை மகளைப் பள்ளிக்கு அனுப்பிய கதைகள் ஊருக்கு ஊர் கிடைக்கும், கேட்டு எழுதுங்கள்.

2011 கணக்கிலும் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71.46. மாநிலச் சராசரி 80.09. விழா மேடையில் இதைச் சொல்ல யாருக்கும் பிடிக்காது, மலரில் சொல்லுங்கள்.

உங்கள் பதிவேட்டில் பெண்கள் எண்ணிக்கை ஆண்களைத் தொட்ட முதல் ஆண்டு எது என்று தேடுங்கள். என்னைக் கேட்டால், தொடக்க ஆண்டுக்கு அடுத்தபடி கொண்டாட வேண்டிய ஆண்டு அது.

பழைய பதிவேடு கரையான் அரித்துப் போய்விட்டது. இனி என்ன செய்வது?

வேறு கதவுகள் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனவர்களுக்குக் கொடுத்த பதிவுத்தாள் வீடுகளில் இருக்கும். ‘ரிகார்ட் ஷீட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதில் பள்ளியின் அன்றைய முழுப் பெயரும் சேர்க்கை எண்ணும் இருக்கும். 1940 இல் படித்தவரின் தாளில் சேர்க்கை எண் ஐந்நூறைத் தாண்டியிருந்தால், பள்ளி 1962 இல் பிறக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம்.

பள்ளி ஆய்வாளர்கள் எழுதிய பார்வையாளர் குறிப்பேடு தப்பியிருக்கலாம். ‘டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார்’ என்றால் ஊரே பள்ளியை மெழுகிக் கோலம் போட்ட காலம் அது. அவர் எழுதும் நான்கு வரி கறாராக இருக்கும். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஆசிரியர்களின் பழைய பணிப்பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஜில்லா போர்டு காலத்து அரசாணைகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஊர்ப் பெயரின் பழைய எழுத்துக்கூட்டல் தெரிந்தால்தான் கிடைக்கும். 1918 சேலம் மாவட்ட கெசட்டியர் பெரிய ஊர்களுக்கு உதவும், கொட்டாய்களுக்கு உதவாது. கத்தோலிக்க மிஷன் தொடங்கிய உதவிபெறும் பள்ளி என்றால் பங்குக் கோயிலில் கேளுங்கள். பாதிரியார்கள் கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர்கள்.

நிலம் கொடுத்தது எங்கள் பாட்டனார் என்று இரண்டு குடும்பங்கள் சொல்கின்றன. யார் பெயரைப் போடுவது?

பத்திரம் சொல்லும் பெயரை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் தானப் பத்திரம் இருக்கிறதா என்று தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு என்ற நிலப் பதிவேட்டில் அந்தப் புல எண்ணைப் பாருங்கள். புறம்போக்கு என்று இருந்தால் இரண்டு பாட்டனாரும் கொடுக்கவில்லை. ஒருவர் கட்டடத்துக்கு, இன்னொருவர் பிறகு விளையாட்டு மைதானத்துக்கு என்று இருவருமே கொடுத்திருப்பதும் உண்டு. பத்திரம் கிடைக்காவிட்டால் ‘இரு குடும்பத்தாரும் கூறுகிறார்கள்’ என்று எழுதி நகருங்கள். இதற்காக விழா நின்றுபோன ஊர்கள் உண்டு.

நிலம் கொடுத்தவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால், கல் சுமந்தவர்கள், கூரை வேய்ந்தவர்கள், பள்ளியைப் பெருக்கியவர், சத்துணவு ஆயா ஆகியோருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஊர்ப் பெரியவர்களிடம் என்ன கேட்பது? ‘அந்தக் காலத்தில் ஒழுக்கம் இருந்தது’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் சொல்வார்கள். பொருளைக் கேளுங்கள். எதில் எழுதினீர்கள்? பலகை உடைந்தால் என்ன ஆகும்? பலகையில் கரி பூச எந்த இலையைத் தேய்த்தீர்கள்? மணி எது, தண்டவாளத் துண்டா? மரத்தடியில் எந்த வகுப்பு உட்கார்ந்தது? வாத்தியார் எந்த ஊர், எதில் வருவார், மழைநாளில் எங்கே தங்குவார்? உங்களோடு முதல் வகுப்பில் உட்கார்ந்து பிறகு வராமல் போனவர் யார்? கடைசிக் கேள்விக்குப் பிறகு சற்று நேரம் பேசாமல் இருங்கள், அவர்களே தொடர்வார்கள்.

பெண்களைத் தனியே கேளுங்கள். கணவர் பக்கத்தில் இருந்தால் அவர்தான் பதில் சொல்வார்.

பள்ளியில் இப்போது பதினைந்து பிள்ளைகள்கூட இல்லை. இந்த நேரத்தில் வரலாறு எதற்கு?

இந்த நேரத்தில்தான் வேண்டும். 2019 இல் மாணவர் இல்லாத பள்ளிகளை நூலகமாக மாற்றியதைப் பார்த்தோம். பள்ளி மூடினால் பதிவேடுகள் மூட்டையாகப் பக்கத்துப் பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ போகும். அதன் பிறகு அவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். பிள்ளைகள் குறைந்ததற்குக் காரணமும் அதே பதிவேட்டில் இருக்கிறது: பிறப்பு குறைந்ததா, குடும்பங்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனதா, தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் ஊருக்குள் வந்ததா என்று ஆண்டுவாரியாகத் தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்க்கையைப் பற்றிப் பேசும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

எழுதி முடித்ததும் எங்கே வைப்பது?

ஒரு படி பள்ளியில், ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று கிளை நூலகத்தில், ஒன்று மாவட்ட மைய நூலகத்தில். மலரில் ஒவ்வொரு ஆண்டுக்கும் பக்கத்தில் அது எந்தப் பதிவேட்டிலிருந்து, யார் சொல்லி வந்தது என்று ஒரு வரி போடுங்கள். அடுத்த தலைமுறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது. மூலப் பதிவேட்டைப் பள்ளிக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். ஸ்கேன் எடுப்பவரைப் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள், மின்சாரம் இருக்கும் நேரமாகப் பார்த்து.